அவசரத்துக்கு எந்த போன்?

நம் ஊரில் என் வயதுக்காரர்கள் வீட்டில் இன்று குறைந்தது மூன்று வகை போன் இருக்கிறது. கூடத்தில் தரைவழி போன், சட்டைப் பையில் செல்போன், அந்தச் செல்போனுக்குள் வாட்ஸ்அப். மூன்றிலும் குரல் கேட்கிறது, ஆகவே மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். பேரப்பிள்ளையோடு பேசுகிற வரைக்கும் அப்படி நினைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டி வரும்போது மூன்றும் வெவ்வேறு என்று தெரிந்துபோகும். எனக்குத் தெரிந்தவரை அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் பழைய கறுப்பு போன். சக்கரத்தில் விரல் விட்டுச் சுற்றினோமே, அது. அதற்கு வீட்டுக் கரண்ட் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் அடுக்கி வைத்திருந்த பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் செம்புக் கம்பி வழியாகவே நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பேட்டரிக்குப் பின்னால் ஒரு டீசல் ஜெனரேட்டர். ஆகவே ஊரே இருட்டானாலும் போன் பேசும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்ததே, நினைவிருக்கும். எங்கள் தெருவில் வேப்ப மரமும் தூங்குமூஞ்சி மரமும் சாய்ந்து, பல நாள் கரண்ட் இல்லை. செல்போன்கள் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தன. எங்கள் வீட்டு கேபிள் தரைக்கடியில் போனதால் போன் மட்டும் இருந்தது. தெருக்காரர்கள் வரிசையாக வந்து பிள்ளைகளுக்குப் பேசிவிட்டுப் போனார்கள். என் மனைவி எல்லாருக்கும் காப்பி போட்டே களைத்துப் போனாள்.

இப்போது செம்புக் கம்பி போய் பைபர் வந்துவிட்டது. அதே எண், அதே கருவி, குரல் இன்னும் தெளிவு. ஆனால் நம் பேச்சு இன்டர்நெட் வழியாகத் துண்டு துண்டாகப் போகிறது. கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் வரும், மின்சாரம் வராது. சுவரில் பச்சை விளக்கு மினுக்கும் அந்த மோடத்துக்கு நம் வீட்டுக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் போனும் போயிற்று. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மின்விசிறி, டியூப்லைட், டிவி எல்லாம் அதில் ஓடும். மோடம் மட்டும் இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பிளக்கில் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்ற அரை மணி நேரம் போதும். நான் மாற்றியாயிற்று.

வாட்ஸ்அப் விஷயம் வேறு. அதிலிருந்து 108-ஐயோ 112-ஐயோ கூப்பிட முடியாது. வாட்ஸ்அப் வைத்திருப்பவரிலிருந்து வாட்ஸ்அப் வைத்திருப்பவருக்குப் பேசத்தான் அது. அவசர எண்களுக்கு இது உதவாது என்று அந்த நிறுவனமே தன் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கிறது. அந்த நிபந்தனைகளை முழுக்கப் படித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நாற்பது வருஷம் அரசாணைகளைப் படித்த நானே அதற்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவழித்தேன். வீட்டில் மனைவிமார்களுக்கும் வேலைக்கு வரும் பெண்ணுக்கும் பச்சை ஐகானைத் தொட்டுத்தான் போன் பேசப் பழக்கம் என்றால், சாதாரண டயலர் எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் காட்டி வையுங்கள். 112 என்பது 2019 பிப்ரவரியில் புதுச்சேரி, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் சேர்ந்து தொடங்கியது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் ஒரே எண். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் 5 அல்லது 9-ஐ விடாமல் அழுத்தினால் அந்த எண்ணுக்குப் போகும்படி செய்திருக்கிறார்கள்.

அடுத்தது முகவரி. இதுதான் பெரிய சிக்கல்.

செம்புக் கம்பிக் காலத்தில் ஒரு எண் என்றால் ஒரு ஜோடிக் கம்பி. அந்தக் கம்பி எந்த வீட்டுக்குள் நுழைகிறது என்பது எக்ஸ்சேஞ்ச் பதிவேட்டில் இருந்தது. நாம் பேச முடியாமல் மயங்கி விழுந்தாலும் எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்கலாம். இன்டர்நெட் போனில் எண் கம்பியோடு கட்டப்படவில்லை. ஒரு சின்னப் பெட்டியில் இருக்கிறது. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு உலகத்தின் எந்த மூலைக்கும் போகலாம். நெட் இருந்தால் அதே எண் அங்கே அடிக்கும்.

பதினைந்து வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்து வைத்தது. எண் அமெரிக்க எண். மகனுக்கு அப்பாவிடம் பேசுவது லோக்கல் கால். பெரியவருக்கு ரொம்பப் பெருமை, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அந்தக் கருவியில் 108 சுழற்றினால் என்ன ஆகும்? அது அமெரிக்க வலையில் இருக்கிற போன், நம் 108 அதற்குத் தெரியாது. சரி, அமெரிக்க அவசர எண்ணான 911-ஐ அடித்தால்? மகன் தன் வீட்டு விலாசத்தைப் பதிந்திருந்தால் அவன் வீட்டு வாசலில் போய் போலீஸ் நிற்கும். பெரியவர் இங்கே தரையில் கிடப்பார்.

இது கற்பனைப் பேச்சு இல்லை. 2008-இல் கனடாவில் அப்படியே நடந்தது. ஒரு குடும்பம் ஒன்ராறியோ மாகாணத்து மிஸ்ஸிசாகாவிலிருந்து கால்கரிக்குக் குடிபெயர்ந்தது. இன்டர்நெட் போனையும் கூடவே எடுத்துப் போனது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடம்பு மோசமாகி, அந்தப் போனில் 911-ஐக் கூப்பிட்டார்கள். ஆம்புலன்ஸ் உடனே கிளம்பியது. ஆனால் கிளம்பிப் போனது மிஸ்ஸிசாகாவின் பழைய வீட்டுக்கு. இரண்டு ஊருக்கும் நடுவே 2,700 கிலோமீட்டர். காத்திருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து மறுபடி கூப்பிட்ட பிறகே கால்கரி ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தை பிழைக்கவில்லை.

அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2005 பிப்ரவரியில், டெக்சாஸின் ஹூஸ்டனில் திருடர்கள் வீடு புகுந்து ஒரு தம்பதியைச் சுட்டார்கள். மகள் இன்டர்நெட் போனில் 911-ஐ அழைத்தாள், இணைப்பு கிடைக்கவில்லை. பெற்றோர் உயிர் தப்பினார்கள், நல்லவேளை. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், இன்டர்நெட் போன் விற்கிறவர்கள் 911 சேவையும் கொடுத்தே ஆக வேண்டும், அதன் குறைகளை வாடிக்கையாளருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. கருவியில் ஒட்ட எச்சரிக்கை ஸ்டிக்கர் அனுப்ப வேண்டும் என்பதும் அதில் ஒன்று. என்ன உத்தரவு போட்டாலும் வீடு மாறும்போது புது விலாசத்தைப் பதிய வேண்டியவர் வாடிக்கையாளர்தான். வீடு மாறுகிற அமளியில் காஸ் கனெக்ஷனை மாற்றுவோம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றுவோம். போன் விலாசம் யாருக்கு ஞாபகம் வரும்?

விலாசம் சரியாக இருந்தும் போன் வெளியே போகாத கதையும் உண்டு. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வெளியே பேச முதலில் 0 போட வேண்டும். போடாமல் 101 அடித்தால் தீயணைப்பு நிலையத்துக்குப் போகாது, சூப்பரின்டென்டன்ட் அறையில் மணி அடிக்கும், ஏனென்றால் அவருடைய உள் எண் 101. இரவுக் காவலருக்காக ஒரு அட்டையில் "தீ என்றால் 0 போட்டு 101" என்று கொட்டை எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் தொங்கவிட்டோம். நாங்கள் சிரித்துக்கொண்டு எழுதியது அது. 2013 டிசம்பரில் டெக்சாஸில் மார்ஷல் என்ற ஊர் ஓட்டலில் ஒரு பெண்ணை அவள் கணவன் குத்தினான். ஒன்பது வயது மகள் அறைப் போனிலிருந்து நான்கு தடவை 911 அடித்தாள். வெளியே போக இன்னொரு 9 முன்னால் போட வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? தாய் இறந்துபோனாள். அவள் பெயரில் காரி சட்டம் என்று 2018-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஓட்டலோ அலுவலகமோ, 911-ஐ நேராக அடித்தால் போக வேண்டும். இன்டர்நெட்டில் ஓடும் அலுவலகப் போன்களுக்கும் அது பொருந்தும். நம் ஓட்டல்களில் அறைக்குள் நுழைந்ததும் டிவி ரிமோட்டைத் தேடுகிறோமே, போன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இனி பிரான்ஸ். புதுச்சேரி வாசகர்களில் பாதிப் பேருக்கு அங்கே அண்ணனோ தங்கையோ பிள்ளையோ இருப்பார்கள், ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அங்கே மருத்துவ அவசரத்துக்கு 15, அதாவது சாமு. போலீசுக்கு 17. பொம்பியேவுக்கு 18. பொதுவாக 112. வீட்டுப் போன் எல்லாம் இப்போது "பாக்ஸ்" என்கிற இன்டர்நெட் பெட்டியில் ஓடுகிறது. பழைய முறைத் தொலைபேசிக்குப் புது இணைப்பு கொடுப்பதை 2018 நவம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள், 2030-க்குள் செம்புக் கம்பியையே எடுத்துவிடுவதாகத் திட்டம். 15-ஐ அடித்தால் நேரே பாரிசுக்குப் போகாது. அந்தந்த தெபார்த்மான் சாமுவுக்குப் போகும். வீட்டுப் பெட்டி என்றால் பதிந்துள்ள விலாசத்தை வைத்தும், செல்போன் என்றால் நிற்கிற இடத்தை வைத்தும் திருப்பி அனுப்புவார்கள். முன்பெல்லாம் 01 என்று தொடங்கினால் பாரிஸ் வட்டாரம், 04 என்றால் தென்கிழக்கு என்று எண்ணைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாம். 2023 ஜனவரியிலிருந்து அதுவும் இல்லை. எந்த எண்ணையும் எந்த ஊருக்கும் எடுத்துப் போகலாம்.

2021 ஜூன் 2 அன்று அங்கே ஒரு பெரிய கோளாறு. பழைய பிரான்ஸ் டெலிகாம், இன்றைய ஆரஞ்சு, தன் கருவிகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மென்பொருளில் பிழை ஏற்பட்டு, இன்டர்நெட் வழிக் குரலையும் பழைய தொலைபேசி வலையையும் இணைக்கும் இடம் முடங்கியது. அவசர நிலையங்கள் பலவும் அப்போது பழைய வலையில்தான் இருந்தன. மாலையிலிருந்து நள்ளிரவு வரை 15, 17, 18, 112 எல்லாம் ஒரு தடவை போகும், அடுத்த தடவை போகாது. ஏறக்குறைய 11,800 அழைப்புகள் போய்ச் சேரவில்லை என்று பின்னால் விசாரணையில் கணக்கு வந்தது. உயிரிழப்புகளும் நேர்ந்ததாக உள்துறை அமைச்சரே சொன்னார். அன்று இரவு ஒவ்வொரு தெபார்த்மானிலும் சாமுவுக்கான பத்து இலக்கச் சாதாரண எண்களை வெளியிட்டார்கள். 15 என்ற இரண்டு இலக்கத்துக்குப் பின்னால் ஒரு சாதாரண எண் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் அக்கா சார்செலில் இருக்கிறாள். அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இறந்து பல வருஷம் ஆகிறது. அக்காவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். தினமும் எங்களுக்கு இரவு எட்டரை, அவளுக்கு மாலை நாலு மணி, வாட்ஸ்அப்பில் வீடியோ கால். என்ன சமைத்தாய், முருங்கைக்காய் என்ன விலை, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள். அரை மணி போகும்.

இரண்டு வருஷம் முன்பு, ஜனவரி மாதம். பொங்கல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "தம்பி, அந்த வெல்லம்..." என்றவள் அதையே மூன்று தரம் சொன்னாள். வார்த்தை குழறியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அப்புறம் போன் கை நழுவி விழுந்தது. திரையில் அவள் வீட்டுக் கூரையும் விளக்கும்தான். மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு கண்ணால் பார்க்கிறோம், ஒன்றும் செய்ய முடியவில்லை. வாட்ஸ்அப்பில் 15 அடிக்க வழியில்லை. என் செல்போனில் 112 அடித்தால் புதுச்சேரி கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். என் மனைவி, "ஏங்க, அதைக் கட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து லியோனில் இருக்கிற அக்கா மகனுக்கு நேராக ஐ.எஸ்.டி. போட்டாள். அவன் வேலையில் இருந்தான். எடுத்ததும், "மாமாகிட்ட சொல்லுங்க, நான் 15 அடிக்கிறேன்" என்று வைத்துவிட்டான். அவன் அடித்த 15 லியோன் சாமுவுக்குப் போயிற்று. அவன் விஷயத்தைச் சொல்லி, அம்மா 95-ஆம் தெபார்த்மானில் இருக்கிறாள் என்று விளக்கி, அவர்கள் அங்கே மாற்றிவிட்டார்கள். மாற்றிக் கொடுத்ததும் அங்கே கேட்ட முதல் கேள்வி நோய் இல்லை, விலாசம். பிறகுதான் டாக்டர் பேசினாராம்.

அதே நேரம் நான் தரைவழிப் போனில் அக்காவின் எதிர்வீட்டு மதாமைக் கூப்பிட்டேன். மொரோக்கோ நாட்டுப் பெண்மணி, நல்ல மனுஷி. அவள் எண்ணையும் மாடி, கதவு எண், கீழ்வாசல் கதவின் ரகசிய எண் எல்லாவற்றையும் அக்கா ஒரு தரம் சொன்னபோது பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இலக்கணப் பிழைக்குக் காதைத் திருகிய மிசேக்கள் அன்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, என் வாயில் வினைச்சொல்லே வரவில்லை. "மா சேர், லா பூஷ், பார் தேர்" என்றேன், அக்கா, வாய், தரையில். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் சாவி இருந்தது.

வைக்காமல் விட்ட வீடியோ காலில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மதாமின் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பூட்ஸ் சத்தம், பொம்பியேக்கள். ஒரு இளைஞன் தரையிலிருந்து போனை எடுத்துப் பார்த்து, "மிசே, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்று என்னைக் கேட்டான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, ஆகவே அந்த நேரம் அவர்களுக்கு முக்கியம். நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன், நாலு மணி ஏழு நிமிஷம், உங்கள் கணக்கில். அதை எழுதிக்கொண்டு போனை வைத்தான்.

ஊசி நேரத்தில் போட்டுவிட்டார்கள். அக்கா பிழைத்தாள். வலது கை மட்டும் இன்னும் சரியாகப் பிடிப்பதில்லை, தோசை திருப்ப முடியவில்லை என்று குறை.

பிறகு விசாரித்தபோது தெரிந்தது, அவள் வீட்டு பாக்ஸை மின்சாரம் மிச்சமாகட்டும் என்று ராத்திரி தூங்கப் போகும்போது அணைத்துவிடுவது அவள் வழக்கமாம். நடு ராத்திரியில் விழுந்திருந்தால் கூடத்துப் போன் வெறும் பொம்மை. இப்போது அந்த பிளக்கின் மேல் மருமகள் பிளாஸ்திரி ஒட்டி, "தொடாதே" என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறாள். அக்கா மகன் சாமுவின் பத்து இலக்க எண்ணைத் தேடி எடுத்து என் செல்போனிலும் பதிந்து கொடுத்தான், நாட்டு எண் 33 சேர்த்து. இங்கிருந்து கூப்பிட வேண்டி வந்தால் அதுதான் வழி. என் பேத்தி அதை அச்சடித்து கூடத்துப் போன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள், விலாசமும் பிரெஞ்சில் முழு வாக்கியமாக. அடுத்த தடவை வினைச்சொல் தவறாது.

அக்கா கழுத்தில் ஒரு பொத்தானும் மாட்டியிருக்கிறார்கள். அமுக்கினால் ஒரு நிலையத்திலிருந்து ஆள் பேசுவார். முன்பு இந்தக் கருவிகள் வீட்டுத் தொலைபேசிக் கம்பியை நம்பியிருந்தன. இவளுடையதில் தனி சிம் கார்டும் பேட்டரியும் இருக்கிறது, பாக்ஸ் அணைந்தாலும் வேலை செய்யும். குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம்.

"ஆட்டுக்கு மணி கட்டின மாதிரி இருக்குடா தம்பி" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் கழற்றி, பூஜைக்குப் பிறகு எல்லாரும் காப்பி குடித்துப் பிரிந்து வீட்டுக்கு வந்த பிறகு மறுபடி மாட்டிக்கொள்கிறாளாம். அந்த மூன்று மணி நேரத்துக்கு எதிர்வீட்டு மதாமைக் கூடவே அழைத்துப் போ என்றேன். "அவள் முஸ்லிம்டா, கோயிலுக்கு எதுக்கு வரணும்" என்றாள். போன வாரம் கேட்டால், மதாம் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாளாம். காப்பிக்கு உள்ளே போகிறாளாம்.